கியூவில் நிற்கும் எழுத்துகள்

இன்று காலை வந்த மெயில் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் பதினான்கு சொற்கள். அவற்றில் எட்டு, சொற்களே அல்ல. பி.ஓ., ஜி.எஸ்.எம்., எஃப்.ஓ.பி., டி.டி.எம். என்று வரிசையாக வந்து, கடைசியில் நன்றிக்கு டி.கே.எஸ். நடுவில் டி.என்.ஏ.வும் உண்டு; இந்த ஊரில் அது மரபணு இல்லை, வேலைக் கெடு அட்டவணை. திருப்பூரில் மெர்ச்சண்டைசராகக் காலம் தள்ளியவனுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த டி.கே.எஸ்.ஸின் பூர்வீகம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1978இல் வெரோனா என்ற இத்தாலி வணிகர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்த கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். அதன்பின் ஆர்டர்கள் டெலக்ஸில் வந்த கதையைச் சொல்பவர்கள் குறைவு. டெலக்ஸில் நேரத்துக்குக் காசு. அதனால் எழுத்தைத் தின்றார்கள். அந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மோர்ஸ் தந்தியாளர்கள்.

அந்தத் தந்தியாளர்களின் குடும்பச் சொத்தில் ஒழுங்கானது கியூ குறியீடு. 1909 வாக்கில் பிரிட்டிஷ் அரசு தன் கப்பல்களுக்கும் கரை நிலையங்களுக்கும் தயாரித்த பட்டியல் அது. 1912இல் லண்டனில் கூடிய சர்வதேச வானொலித் தந்தி மாநாடு அதை உலகத்துக்கே பொதுவாக்கியது. கியூவில் தொடங்கும் மூன்று எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் பொருள். இன்றைக்கு இதைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்தும் ஹாம் ரேடியோக்காரர்களில் பலருக்கு இது கைவிட முடியாத பரம்பரை. மற்றவர்களுக்கு, மோர்ஸே போன பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் வெறும் பந்தா. இரண்டு கட்சியும் ஒரே தவறைத்தான் செய்கின்றன: எல்லாக் குறியீட்டையும் ஒரே பண்டலாகக் கட்டித் தராசில் வைக்கின்றன. லாட் லாட்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அது பிறந்த இடத்திலேயே நிறுத்திப் பார்ப்போம். மோர்ஸில் ஒரு புள்ளியை ஓர் அலகு என்று வைத்தால் ஒரு கோடு மூன்று அலகு. எழுத்துக்கு எழுத்து மூன்று அலகு இடைவெளி, சொல்லுக்குச் சொல் ஏழு. ‘என் இருப்பிடம் இது’ என்பதை ஆங்கிலத்தில் ‘மை பொசிஷன் இஸ்’ என்று தட்டினால் 121 அலகு ஆகிறது. கியூ.டி.ஹெச். என்று தட்டினால் 29. நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. கையெழுத்துப் போல மணிக்கட்டால் செய்தி அனுப்பியவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

நேரத்தை மிச்சம் பிடித்தது மட்டும்தான் சாதனை என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எந்தக் கடைக்காரரும் தன் பற்றுவரவு நோட்டில் சுருக்கி எழுதுவார். கியூவின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, அதே மூன்றெழுத்துக்குப் பின் கேள்விக்குறி போட்டால் கேள்வி, போடாவிட்டால் பதில். ‘கியூ.ஆர்.எல்.?’ என்றால் ‘வேலையாக இருக்கிறீர்களா?’, ‘கியூ.ஆர்.எல்.’ என்றால் ‘ஆம், தொந்தரவு வேண்டாம்.’ கேள்விக்கும் பதிலுக்கும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு, பொருள் எழுதும்போதே காலி இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள். கியூ.எஸ்.ஒய். என்றால் ‘இத்தனை கிலோஹெர்ட்ஸுக்கு மாறு’. கியூ.எஸ்.ஜே. என்றால் ‘இந்தத் தந்திக்கு வசூலிக்க வேண்டிய கட்டணம் இவ்வளவு’. எத்தனை, எவ்வளவு என்ற இடத்தை நிரப்பாமல் விட்டால் அடுத்தவன் உடனே திருப்பிக் கேட்பான். கட்டணத்துக்குத் தனிக் குறியீடு, கையில் இருக்கும் தந்திகளின் எண்ணிக்கைக்குத் தனிக் குறியீடு என்று இருப்பதைப் பார்த்தால், இது கவிஞர்கள் செய்த வேலை அல்ல, கணக்குப் பிள்ளைகள் செய்த வேலை என்று புரியும். நம்மூருக்கு இதைப் பிடிக்காமல் போக வழியில்லை.

எழுத்துத் தேர்விலும் யோசனை இருக்கிறது. கியூவில் தொடங்கும் அழைப்புக்குறி எந்த நாட்டுக்கும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே ‘டா டா டி டா’ என்று காதில் விழுந்ததும் இது நிலையத்தின் பெயர் அல்ல, குறியீடு என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு யோசித்தவர்கள் ஓரிடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள். கியூ.ஆர்.எம். என்றால் வேறு நிலையத்தின் குறுக்கீடு, கியூ.ஆர்.என். என்றால் இடி மின்னலால் வரும் இரைச்சல். மோர்ஸில் எம் என்பது ‘டா டா’, என் என்பது ‘டா டிட்’. கடைசிக் கோடு பாதியில் தேய்ந்தால் எம், என் ஆகிவிடும். குரலில் சொன்னாலோ கேட்கவே வேண்டாம். தொலைபேசியில் தன் இனிஷியல் எம்மா என்னா என்று விளக்கிக் களைத்தவர்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. பக்கத்து நிலையம் இடித்தால் அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்தித் தப்பலாம்; இடியின் இரைச்சல் அப்படி நகர்ந்தால் விடாது. அதாவது, இரைச்சலைப் பற்றிச் சொல்லவே பிறந்த இரண்டு குறியீடுகள், இரைச்சலில் எளிதில் குழம்பும்படி அமைந்துவிட்டன. நூறு வருடப் புகழுரைகளில் இந்தக் குறையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

இனி குரல். 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, சிற்றலை அமெச்சூர் உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதியை எடுத்துவிட்டது. கப்பல்களில் 1999 பிப்ரவரி 1 முதல் ஆபத்துச் செய்திக்கே செயற்கைக்கோளும் தானியங்கிக் கருவியும் வந்துவிட்டன. நம் நாட்டில் ரெஸ்டிரிக்டட் பிரிவு ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் தெரிய வேண்டாம்; ஆனால் கியூ குறியீடு படிக்க வேண்டும். குதிரை போய்ச் சேணம் மட்டும் மிஞ்சிய கதை.

வாயால் பேசும்போது கணக்கு தலைகீழாகிறது. ‘கியூ.டி.ஹெச்.?’ என்று கேட்க மூன்று அசை. ‘எங்கே?’ என்று கேட்க இரண்டு. ‘கியூ.ஆர்.எக்ஸ்.’ மூன்று, ‘பொறு’ இரண்டு. சுருக்கம் என்ற பெயரில் நீட்டியிருக்கிறோம். ‘என்னோட கியூ.டி.ஹெச். திருப்பூர்’ என்று ஒருவர் சொல்லும்போது ‘என் என் இருப்பிடம்’ என்று இரண்டு முறை சொல்கிறார். ‘கேட்டுக் கதவு’, ‘நடு சென்டர்’ வரிசையில் சேர்க்க வேண்டியது. நியாயமாகச் சொன்னால், எல்லாம் அப்படி இல்லை. கியூ.எஸ்.ஒய். மூன்று அசைதான்; ‘அலைவரிசை மாத்துங்க’ என்பதில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அது நிற்கட்டும்.

ஆதரவாளர்கள் இங்கே தங்கள் நல்ல வாதத்தை எடுப்பார்கள்: ஜப்பான்காரருக்கும் பிரேசில்காரருக்கும் பொதுவாக வேறு என்ன மொழி இருக்கிறது? இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் தினமும் கண்ணெதிரே பார்க்கிறேன். நிட்டிங் ஹாலில் மெஷின் ஓடும்போது ஒடிசாவிலிருந்து வந்த பையனும் அவிநாசிக்கார ஃபிட்டரும் கை ஜாடையிலும் கேஜ், டயா, லாட் என்ற நான்கைந்து சொற்களிலும்தான் ஒன்றரை ஷிப்டை ஓட்டுகிறார்கள். அந்தச் சொற்களின் பலமே குறைவாக இருப்பதுதான். ஆகவே மொழி தாண்டிப் பேசும்போது கியூவுக்கு முழு மதிப்பெண். ஆனால் ஈரோட்டுக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் பக்கத்து ரிப்பீட்டர் நிலையம் வழியாகத் தமிழில் பேசிக்கொள்ளும்போது அந்த வாதம் செல்லாது. அங்கே அது யூனிஃபார்ம். உள்ளே இருப்பவன் யார், வெளியே நிற்பவன் யார் என்று காட்டுகிறது. புதிதாக வந்த பெண்பிள்ளை ஒன்று மைக்கைத் தொடத் தயங்குகிறது.

குரலிலும் உயிரோடு இருக்க ஒரு குறியீட்டுக்கு என்ன தகுதி வேண்டும் என்று பார்க்க நம் தலைக்கு மேலேயே ஆதாரம் போகிறது. கோவை விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானிக்குக் கட்டுப்பாட்டு அறை சொல்லும் தகவல்களில் கியூ.என்.ஹெச். ஒன்று: உயரமானியைப் பொருத்த வேண்டிய காற்றழுத்த எண். அதைப் பொருத்தினால் ஓடுதளத்தில் நிற்கும்போது கருவி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி என்று காட்டும். அதன் சகோதரனான கியூ.எஃப்.இ.யைப் பொருத்தினால் அதே இடத்தில் பூஜ்யம் காட்டும். இதை இரண்டு அசையில் சொல்லும் சாதாரணச் சொல் எனக்குத் தெரிந்து கிடையாது. அதனால்தான் மோர்ஸ் செத்தும் அது சாகவில்லை. கூடவே எண் இல்லாமல் அதை யாரும் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். காலி இடம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

காலி இடத்தை நிரப்புவதும் சடங்காகிவிட்டால்? அதற்கும் உதாரணம் ஹாம் உலகிலேயே இருக்கிறது. 1934இல் வந்த ஆர்.எஸ்.டி. முறையில், கேட்கும் தெளிவுக்கு ஐந்துவரை, வலிமைக்கு ஒன்பதுவரை, தொனிக்கு ஒன்பதுவரை மதிப்பெண். இன்றைய போட்டிகளில் எல்லோருக்கும் 599. ‘உங்கள் அழைப்புக்குறி கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’ என்று கெஞ்சிவிட்டு அதே மூச்சில் 599 கொடுப்பார்கள். மென்பொருள் அதை முன்கூட்டியே நிரப்பி வைக்கிறது. மோர்ஸில் ஒன்பதைத் தட்டும் சிரமத்தையும் விட்டு, இரண்டு ஒன்பதுக்குப் பதில் இரண்டு ‘என்’ தட்டுகிறார்கள். அளவுகோல் வணக்கமாகிவிட்டது. சாயம் போகுமா என்று கிரே ஸ்கேலில் ஒன்று முதல் ஐந்து வரை போடும் நமக்கு இந்த வியாதி தெரியும். ஒரு காலத்தில் நான் பார்த்த ஓரிடத்தில் எந்தத் துணி போனாலும் ‘நாலு-அஞ்சு’தான் வரும். துவைத்தவர்களுக்குத் தெரிந்தது வேறு.

2004 டிசம்பர் 26க்கு வருகிறேன். அரிய நிலையம் ஒன்றை இயக்குவதற்காக ஹாம் ரேடியோக்காரரான பாரதி பிரசாத்தும் குழுவினரும் போர்ட் பிளேரில் இருந்தார்கள். சுனாமி வந்தது, தொலைபேசி போனது, வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அவர்களின் பொழுதுபோக்கு நிலையம் அந்தமானுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திப் பாதையானது. குறியீட்டின் பெருமைக்கு இதை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. நான் இதில் அதன் எல்லையைப் பார்க்கிறேன். தவித்தவர்களுக்கு வேண்டியது இன்னார் உயிரோடு இருக்கிறாரா என்ற சேதி. பெயர், ஊர், வீட்டு முகவரி. இவை எந்த மூன்றெழுத்திலும் அடங்காது. பொறு, மாறு, கேட்டது, திரும்பச் சொல் என்று பாதையைச் சீர்படுத்த மட்டும் குறியீடு போதும். சரக்கு தன் சொந்தப் பெயரில்தான் போக வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். மோர்ஸுக்குள்ளும் மொழி தாண்டும் பேச்சிலும் கியூ குறியீடு இன்றைக்கும் முதல் தரம். எம்-என் குழப்பம் மட்டும் செகண்ட்ஸ். வானூர்தித் துறையில் நிற்பது தகுதியால் நிற்கிறது. தமிழில் பேசும் உள்ளூர் அலைவரிசையில், கியூ.எஸ்.ஒய். போன்ற ஒன்றிரண்டைத் தவிர, மிச்சத்தைக் கழற்றி வைக்கலாம்.

நம் தொழிலின் சுருக்கங்கள் இந்தத் தராசில் இன்னும் மோசமாகத்தான் நிற்கும். பல வருடங்களுக்கு முன் ஓர் ஆர்டர். உடல் கருநீலம், கை வெள்ளை. நூலுக்கு நேரே டி.டி.எம். என்று மூன்றெழுத்து: நிறத்துக்கு ஒத்ததாகச் சாயமிடு. எந்த நிறத்துக்கு? கேட்க அதில் இடமே இல்லை. நாங்கள் உடலுக்கு ஒத்ததாகப் போட்டோம். வெள்ளைக் கையின் மடிப்பில் கருநீலத் தையல் ஓடியது. அத்தனை பீஸும் பிரித்துத் தைத்தோம். 1912இல் கூடிய தந்திக்காரர்கள் அந்தக் குறியீட்டைப் பட்டியலில் சேர்த்திருக்கவே மாட்டார்கள். மெர்ச்சண்டைசிங்குக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளே, டி.டி.எம். என்று அடிக்கும்போது பக்கத்தில் ‘எதற்கு’ என்று ஒரு சொல் சேர்த்து அடியுங்கள். டி.கே.எஸ்.