பூக்கட்டும் விரலும் பஸ் விசாரணையும்

ஓசூர் பேருந்து நிலையப் பக்கம் பூக்கட்டும் பெண்களிடம் ஊரே வழி கேட்கிறது. முழம் எவ்வளவு, தளி பஸ் போய்விட்டதா, கிருஷ்ணகிரி வண்டி எங்கே நிற்கும்? தமிழோ தெலுங்கோ கன்னடமோ, கேட்ட மொழியிலேயே பதில் வருகிறது; கை பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கிறது. பழகிய விரல் தானாக ஓடுகிறது, இதில் என்ன கலை என்பார்கள். தானாக ஓடினால் மல்லிகை தாங்காது. இந்தப் பக்கம் இரண்டு அரும்பு, எதிர்ப்பக்கம் இரண்டு என்று காம்போடு காம்பு சேர்த்து, நூலைச் சுருக்கிட்டு இழுக்கும்போது கொஞ்சம் இறுகினால் காம்பு அறும். தளர்ந்தால் பூ நழுவும். கனகாம்பரம் இன்னும் மெலிசு. முடிச்சுக்கு முடிச்சு விரல்நுனி அளவு பார்த்தாக வேண்டும், வாய் எந்த ஊருக்கு வழி சொன்னாலும்.

எல்லாம் வியாபாரப் பேச்சுதானே என்று கேட்கலாம். ஷிப்டுக்கு ஓடுகிறவர் எங்கே பூ வாங்கப்போகிறார்? அவருக்கும் "அந்தாண்ட நிக்கும் பாருங்கண்ணா" என்று முகவாய் திசை காட்டுகிறது. தலை நிமிராத பதில் சிலருக்கு அலட்சியமாகப் படும். அரும்பு விரிவதற்குள் கூடையைக் காலி செய்ய வேண்டியவரிடம் அதற்குமேல் உபசாரம் எதிர்பார்ப்பது அதிகம். விலை படிந்தால்தான் கட்டுவது நிற்கிறது. அதுவும் முழம் போட.