நடுவர் மன்றம் ஒன்றா, இரண்டா?

நடுவர் தீர்ப்பு என்னும் சொல் ஒன்றே. அதனுள் அடங்கிய பொருளோ இரண்டு. ஒரே நாட்டு வணிகர் இருவர் தம் பிணக்கை நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்லாமல், தாமே தேர்ந்த நடுவர் முன் வைத்துத் தீர்த்துக்கொள்வது உள்நாட்டு முறை. வெவ்வேறு நாட்டு வணிகர் அவ்வாறு செய்வது அனைத்துலக முறை. இரண்டிலும் நடுவர் உண்டு, வாதம் உண்டு, சான்று உண்டு, தீர்ப்பு உண்டு. ஆதலின் உள்நாட்டில் திறம்பட வாதாடும் வழக்கறிஞர் அனைத்துலக மன்றத்திலும் அவ்வாறே வாதாடிவிடலாம் என்று எண்ணுவார் உளர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சிங்கப்பூர்ச் சட்டங்களை முன்வைத்து ஆராய்தல் தகும்.

சிங்கப்பூர் இவ்விரு முறைகளுக்கும் இருவேறு சட்டங்களை வகுத்துள்ளது. அனைத்துலக வழக்குகளுக்கு உரியது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். ஐக்கிய நாடுகளின் அனைத்துலக வணிகச் சட்ட ஆணையம் 1985-இல் வகுத்த மாதிரிச் சட்டமே அதற்கு அடிப்படை. உள்நாட்டு வழக்குகளுக்கு உரியது 2001-ஆம் ஆண்டுச் சட்டம். ஜூரோங்கில் உள்ள இரு நிறுவனங்கள் சிங்கப்பூரில் நடுவரை நாடினால் பின்னது ஆளும். அவற்றுள் ஒன்றன் தொழிலிடம் ஜொகூர் பாருவில் இருப்பின் முன்னது ஆளும். தொழிலிடம் ஒரே நாட்டில் உள்ளதா, வேறு நாட்டில் உள்ளதா என்பதே இங்கு அளவுகோல். வழக்கின் தொகை பெரிதா, சிறிதா என்பது அன்று. இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

வழக்கறிஞரைப் பொறுத்த முதல் வேறுபாடு, யார் வாதாடலாம் என்பது. 1988-இல் சிங்கப்பூர் உயர்நீதிமன்றம், இந்நாட்டில் நடக்கும் நடுவர் விசாரணையில் அயல்நாட்டு வழக்கறிஞர் ஒரு கட்சிக்காகத் தோன்றலாகாது என்று தீர்ப்பளித்தது. மலேசிய உயர்நீதிமன்றமோ 1990-இல் அத்தகைய தடை இல்லை என்றது. அயலார் இங்கு வந்து வழக்காட அஞ்சுவர் என்பதை உணர்ந்த சிங்கப்பூர், 1992-இல் கதவைச் சிறிது திறந்தது. 2004-இல் முழுவதும் திறந்தது. இந்தியாவிலும் இதே வினா எழுந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2012-இலும், அதன்பின் உச்சநீதிமன்றம் 2018-இலும் ஆராய்ந்து, அயல்நாட்டு வழக்கறிஞர் அனைத்துலக வணிக நடுவர் வழக்குகளுக்காக வருவதை முற்றிலும் தடுக்க இயலாது என்ற முடிவுக்கு வந்தன. கதவைத் திறந்தது நன்றே. ஆனால், வருவோர் எல்லாரும் எந்த ஒழுக்க விதிக்குக் கட்டுப்படுவர் என்பதற்கு அக்கதவு விடை கூறவில்லை.

உள்நாட்டு மன்றத்தில் இரு தரப்பு வழக்கறிஞரும் பெரும்பாலும் ஒரே விதிக்குள் வளர்ந்தவர். அனைத்துலக மன்றத்திலோ ஒவ்வொருவரும் தம் நாட்டு மரபைச் சுமந்து வருகின்றனர். சாட்சியை முன்கூட்டியே ஒத்திகை பார்க்க வைப்பது இங்கிலாந்தில் தவறு. அமெரிக்காவில் அது வழக்கறிஞர் கடமையின் ஒரு பகுதி. ஒரே மேசையின் இரு புறமும் இவ்விருவர் அமர்ந்தால் தராசு எவ்வாறு சமமாகும்? அனைத்துலக வழக்கறிஞர் சங்கம் 2013-இல் இதற்கென நெறிமுறைகளை வெளியிட்டது. அவை பயனுடையனவே; எனினும் கட்சிகள் ஏற்றுக்கொண்டாலன்றிப் பொதுவாக யாரையும் கட்டுப்படுத்துவன அல்ல. இஃது அனைத்துலக முறையின் பெருங்குறை.

இரண்டாம் வேறுபாடு இன்னும் ஆழமானது. நடுவர் சட்டத்தையே தவறாகப் புரிந்துகொண்டு தீர்ப்பளித்தால் என் செய்வது? 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்சிகள் அவ்வுரிமையை விலக்கிக்கொள்ளாதிருந்தால், இரு தரப்பின் இசைவோடோ நீதிமன்றத்தின் அனுமதியோடோ சட்ட வினாவை மேல்முறையீடு செய்யலாம். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வழி இல்லை. நடுவருக்கு அதிகாரம் இல்லாமை, இயற்கை நீதி மீறல், மோசடி போன்ற காரணங்களால் மட்டுமே தீர்ப்பைத் தள்ளிவைக்கலாம். நடைமுறை நேர்மையாக இருந்து, முடிவு மட்டும் பிழையாக இருந்தால், அப்பிழை நிலைத்துவிடும்.

இது தவிர்க்க இயலாத நியதி என்று கருதவேண்டுவதில்லை. இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டு வழக்குக்கும் அனைத்துலக வழக்குக்கும் ஒன்றாகவே வழங்குகிறது. கட்சிகள் விலக்கிக்கொண்டாலன்றிச் சட்ட வினாவை, நீதிமன்ற அனுமதி பெற்று, மேல்முறையீடு செய்ய அது இடமளிக்கிறது. மலேசியாவோ 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த சட்ட வினாப் பிரிவை 2018-இல் நீக்கிவிட்டது. ஆக, மூன்று நாடுகள் மூன்று விடைகள் கண்டுள்ளன. சிங்கப்பூரிலும், விரும்பும் கட்சிகளுக்கு மட்டும் மேல்முறையீட்டை அனைத்துலக வழக்கில் அனுமதிக்கலாமா என்று 2019-இல் சட்ட அமைச்சு பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. 2020-இல் வந்த திருத்தத்தில் அது இடம்பெறவில்லை.

மூன்றாவது, தீர்ப்பை நிறைவேற்றுதல். 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன; மலேசியா 1985-இலும் சிங்கப்பூர் 1986-இலும் சேர்ந்தன. ஒரு நாட்டில் பெற்ற தீர்ப்பைப் பிற நாடுகளில் நிறைவேற்ற இது வழி செய்கிறது. ஆயினும் வென்றவர் கைக்குப் பணம் வந்துவிட்டது என்று கொள்ளலாகாது. மலேசியாவின் ஆஸ்ட்ரோ குழுமம் இந்தோனேசியாவின் லிப்போ குழுமத்தின்மேல் தொடுத்த வழக்கில், சிங்கப்பூரில் அமர்ந்த நடுவர்கள் ஆஸ்ட்ரோவுக்குச் சாதகமாகத் தீர்த்தனர். ஒப்பந்தத்தில் சேராத மூன்று ஆஸ்ட்ரோ நிறுவனங்களையும் அவர்கள் வழக்கில் சேர்த்திருந்தனர். 2013-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், அம்மூன்றிற்கும் உரிய தொகையை நிறைவேற்ற மறுத்தது. தோற்றவர் முன்னமே தீர்ப்பைத் தள்ளிவைக்கக் கோராமல் இருந்தும், நிறைவேற்றும் வேளையில் எதிர்க்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதே அதன் கருத்து. உள்நாட்டு வழக்கறிஞர் தீர்ப்பை முடிவாகக் காண்பர்; அனைத்துலக வழக்கறிஞரோ எதிரியின் சொத்து எந்த நாட்டில் உள்ளது என்பதை வழக்கின் தொடக்கத்திலேயே எண்ணவேண்டும்.

இத்துறையில் விழிப்புக் குன்றினால் நேரும் கேட்டை நைஜீரிய வழக்குக் காட்டுகிறது. 2010-ஆம் ஆண்டு எரிவாயு ஒப்பந்தம் ஒன்றன் பேரில், லண்டனைச் சட்ட இருக்கையாகக் கொண்ட நடுவர் மன்றம் 2017-இல் 660 கோடி அமெரிக்க டாலர் வழங்குமாறு நைஜீரியாவுக்கு ஆணையிட்டது. வட்டியோடு அது 1,100 கோடி டாலராக வளர்ந்தது. 2023-இல் லண்டன் வணிக நீதிமன்றம், கையூட்டாலும் பொய்ச் சான்றாலும், எதிர்தரப்பின் மறை ஆவணங்களைத் தகாத முறையில் வைத்துக்கொண்டமையாலும் பெறப்பட்ட தீர்ப்பு அது என்று கண்டறிந்தது. அதே நீதிமன்றம், நைஜீரியாவின் தரப்பு நடுவர் முன் செவ்வனே எடுத்துரைக்கப்படவில்லை என்பதையும் சுட்டிற்று. மூடிய அறைக்குள், மேல்முறையீட்டின் நிழல் குறைந்த இடத்தில், வழக்கறிஞரின் நேர்மையும் உழைப்பும் எத்துணைப் பெரிய பொறுப்பை ஏற்கின்றன என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்விரு முறைகளும் நெருங்கி வருகின்றன என்பதும் உண்மையே. வழக்குச் செலவை மூன்றாமவர் ஏற்கும் ஏற்பாட்டைச் சிங்கப்பூர் 2017-இல் அனைத்துலக வழக்குகளுக்கு அனுமதித்து, 2021-இல் உள்நாட்டு நடுவர் வழக்குகளுக்கும் விரித்தது. ஆனால் மேல்முறையீட்டைப் பற்றிய இடைவெளி அவ்வாறே நிற்கிறது.

அவ்விடைவெளி குறையா, நிறையா? இரு பெரும் நிறுவனங்கள் சமவலிமையோடு பொருதும்போது அது நிறை. பிணக்கு விரைவில் முடியும்; எந்நாட்டு நீதிமன்றமும் ஒரு பக்கம் சாயும் என்ற ஐயம் எழாது. ஆனால் ஜொகூரிலிருந்து காய்கறி அனுப்பும் சிறு வணிகரும் அதே சட்டத்திற்குள் வருகின்றார். சட்டம் அவருக்கு ஒரு வழியை விட்டிருக்கின்றது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தமக்கு வேண்டா என்று இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் ஆளும். உள்நாட்டார் இருவர் விரும்பினால் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுத்து மூலம் ஏற்கவும் இயலும். ஒப்பந்தம் எழுதும் நாளில் ஒரு வரி போதும். அவ்வரியின் விளைவு என்ன என்பதைக் கையெழுத்திடுமுன் கட்சிக்காரருக்கு அவர் மொழியில் எடுத்துரைப்பதே வழக்கறிஞரின் முதற்கடமை. பிணக்கு மூண்டபின் அதனைச் சொல்வதால் பயன் இல்லை. எதிர்தரப்பு அப்போது இசையாது.