போத்தலில் இல்லாத சோறு

கிழக்கிலங்கையின் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, கல்முனைப் பக்கங்களில் காய்ச்சல் விட்டவர் “பலமில்ல, ஒரு சேலைன் ஏத்தினாச் சரி” என்பது வழமையான பேச்சு. கேட்டவருக்கு ஏற்றிவிடும் கிளினிக்குகளும் உண்டு. “குளுக்கோஸும் சாப்பாடுதானே” என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம்.

வயிற்றோட்டத்தில் வற்றிய உடலையும், டெங்கில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் நோயாளியையும் அந்தப் போத்தல் காப்பாற்றுகிறது. அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அது உணவல்ல.

500 மி.லீ. சாதாரண சேலைனில் இருப்பது 4.5 கிராம் உப்பு, கலோரி கிடையாது. அதேயளவு 5 வீத டெக்ஸ்ட்ரோஸில் 25 கிராம் குளுக்கோஸ், சுமார் 85 கலோரி. ஓர் அவித்த முட்டை கிட்டத்தட்ட அவ்வளவு சக்தியோடு 6 கிராம் புரதமும் தரும். 60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்கு 1500 கலோரிக்கு மேலும், 70 கிராம் அளவு புரதமும் வேண்டும். நான்கு போத்தல் டெக்ஸ்ட்ரோஸ் ஏறினாலும் 340 கலோரிதான். புரதம் துளியும் இல்லை. உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் மீதியை ஈடுசெய்கிறது.

உண்மையான நாள ஊட்டம், அதாவது இரத்த நாளத்தின் வழியே தரும் முழு உணவு, வேறு. 1960களில் ஸ்டான்லி டட்ரிக் அமெரிக்காவில் நாய்க்குட்டிகளை நாளவழி உணவால் மட்டுமே வளர்த்துக் காட்டியபோது குளுக்கோஸோடு புரதக்கூறுகளும் உப்புகளும் விற்றமின்களும் சேர்ந்தே போயின. சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயிலிருந்து உருவாக்கிய கொழுப்புக் குழம்பு 1962இல் பாவனைக்கு வந்தது. இன்று அமினோ அமிலங்கள், பொஸ்பேற்று, மக்னீசியம், துத்தநாகம், செலினியம் எல்லாம் அளந்து சேர்க்கப்படுகின்றன. செறிவான இக்கலவையைக் கையிலுள்ள சிறு நாளம் தாங்காது, பெருநாளம் வேண்டும்.

ஒரு கூறு விடுபட்டாலும் உயிராபத்து. 1997இல் அமெரிக்காவில் விற்றமின் தட்டுப்பாடு வந்தபோது, தயமின் என்ற விற்றமின் இல்லாத நாள ஊட்டம் பெற்ற நோயாளிகளின் இரத்தத்தில் லக்டிக் அமிலம் ஏறியது. குளுக்கோஸை எரிக்கத் தயமின் தேவை. பல நாள் உண்ணாதவருக்குக் குளுக்கோஸை மட்டும் கொட்டுவது பலம் கொடுப்பதல்ல. இருக்கும் தயமினையும் பொஸ்பேற்றையும் தீர்த்துவிடுவது.

மருந்துக்கும் ஊட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை மார்க்க அறிஞர்களே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகடமி, ஊசி மருந்தால் நோன்பு முறியாது என்றபோது ஊட்டத் திரவங்களுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. வாட்டுகளில் அந்தக் கவனம் எங்கே? தலைமாட்டில் போத்தல் தொங்கினால் கஞ்சி கொண்டுவந்த உம்மாவும் திரும்பிப் போகிறார். சத்திரசிகிச்சை முடிந்து நாட்களாகியும் “வாயால் ஒன்றும் வேண்டாம்” என்ற கட்டளை நீள்கிறது. இதைப் பட்டினி என்றே சொல்ல வேண்டும்.

விழுங்க முடிந்தவருக்கு உணவு, விழுங்க முடியாமல் குடல் இயங்குபவருக்கு மூக்குக் குழாய், குடலே இயங்காதவருக்கு முழு நாள ஊட்டம் என்பதே முறை. நீர்க்கணக்குத் தாளில் எத்தனை மி.லீ. ஏறியது என்று எழுதுகிறார்கள். எத்தனை கிராம் புரதம் போனது என்பதையும் பக்கத்திலேயே எழுதவைக்க வேண்டும்.