பூவை மட்டும் பார்த்து வாங்கலாமா?

நர்சரியில் ஒட்டு ரோஜா வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் பூவுக்குத்தான் போகும். நீண்ட காம்பின் உச்சியில் ஒற்றை மொட்டு, கூம்பாகச் சுருண்டு மெல்ல அவிழும் இதழ்கள். இதுதான் ஹைபிரிட் டீ ரோஜாவின் அடையாளம். பூங்கொத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தும். ஆண்டு முழுவதும் வீட்டில் நிற்க வேண்டிய செடிக்கு அது போதாது என்பதே என் வாதம்.

இவ்வகைக்கு வந்த புகழ் நியாயமானதுதான். பிரான்சின் லியோன் நகரில் கியோ உருவாக்கி 1867இல் வெளிவந்த 'லா பிரான்ஸ்' இதன் முதல் ரோஜாவாகக் கருதப்படுகிறது. ஐரோப்பிய ரோஜாக்களின் உறுதியும் பெரிய பூவும், சீனத்திலிருந்து சென்ற டீ ரோஜாக்களின் திரும்பத் திரும்பப் பூக்கும் குணமும் இவ்வகையில் ஒன்றுசேர்ந்தன. உறைபனி இல்லாத நம் சமவெளியில் இந்தக் குணம் பெரிய வரம். வாடிய பூவைக் கீழிருக்கும் நல்ல இலைக்கு மேலே வெட்டிவிட்டால், ஏறத்தாழ ஆறேழு வாரத்தில் அடுத்த பூ வந்துவிடும்.

மணமில்லை என்ற குறையும் முழுக்கச் சரியல்ல. 'பாப்பா மெய்லாண்ட்', 'டபுள் டிலைட்' இரண்டும் மணத்துக்கே பேர்போனவை. தொலைதூரச் சந்தைக்காக, வாடாமல் நிற்பதை முதன்மையாக வைத்து உருவாக்கிய ரகங்களில்தான் மணம் பெரும்பாலும் பின்தங்கியது. அந்தப் பழியை வகை முழுவதன் மேலும் போடக் கூடாது.

உண்மையான பலவீனம் இலையில் இருக்கிறது. 1900இல் ரோஜாக் கலப்பாளர் பெர்னே துஷே பாரசீக மஞ்சள் ரோஜாவின் வழியில் 'சொலேய் தோர்' ரகத்தைக் கொண்டுவந்தார். அதன் வழியே ஹைபிரிட் டீக்கு அடர்மஞ்சளும் ஆரஞ்சும் கிடைத்தன. கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகும் குணமும் கூடவே வந்தது. பூவையே பார்த்துத் தேர்ந்தெடுத்த கலப்பாளர்கள் பல தலைமுறைகளுக்கு இலையைக் கவனிக்கவில்லை. இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தாலே பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மழை விட்டபின் கோடையில் செஞ்சிலந்தி வருகிறது. துணி காயும், கீரை வளரும், பிள்ளைகள் விளையாடும் மொட்டை மாடியில் வாராவாரம் மருந்தடித்துக் காப்பாற்ற வேண்டிய செடியை நல்ல வீட்டுச் செடி என்று எப்படிச் சொல்வது?

வளர்ப்பு முறையிலும் கோளாறு உண்டு. குளிர்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து முழங்காலுக்குக் கீழே ஒட்ட வெட்டுகிறோம். பனியில் உறங்காத செடிக்கு அந்த அளவு தேவையில்லை. மிதமான கவாத்தே நல்லது. கவாத்து மிஞ்சினால் தண்டில் சேர்ந்த உணவு வீணாகிறது. வெட்டிய இடத்தைக் கவனிக்காமல் விட்டால் நுனிக்கருகலும் இறங்குகிறது. "சிவப்பு ரோஜா வாங்கினேன், வேறு பூ பூக்கிறது" என்று பலர் குறைப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. ஒட்டுக்குக் கீழே, வேராக நிற்கும் வேறு ரோஜாவான வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் தளிரை நீக்காவிட்டால், அது ஒட்டை நலிய வைத்துத் தானே செடியாகிவிடும்.

பன்னீர் ரோஜாவில் வேர்ச்செடித் தொல்லை இல்லை. குச்சியை ஊன்றினால் தன் வேரிலேயே வளரும், மணம் தரும். ஆனால் அதன் பூ விரைவில் உதிர்ந்துவிடும். ஹைபிரிட் டீ பூவின் வடிவத்தையும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஒன்றைக் கொண்டு மற்றதை ஈடுசெய்ய இயலாது என்பதால் இரண்டுக்கும் இடம் கொடுப்பதே சரி. ஆறு மணி நேர வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் இருந்தால் ஒன்றிரண்டு ஹைபிரிட் டீ வைக்கலாம். வாங்கும்போது பூவை விட்டு அடியிலையைப் பாருங்கள், ரகத்தின் பெயரைக் கேளுங்கள்.

பெயரைக் கேட்பது சிறிய விஷயமல்ல. கோதுமையில் துருநோய் எதிர்ப்புக்காக உழைத்த வேளாண் விஞ்ஞானி பி. பி. பால் இந்தியாவிலேயே பல ரோஜா ரகங்களை உருவாக்கினார். நர்சரிகளிலோ பெயர்ச்சீட்டு இல்லாத செடிகள் விற்கின்றன. எந்த ரகம் இங்கே தாங்கியது என்ற அனுபவம் அதனால் கைமாறாமல் போகிறது. ஜெர்மனியில் 'ஏ.டி.ஆர்.' சோதனைக்கு வரும் ரோஜாக்களைப் பூச்சிமருந்தே அடிக்காமல் சில ஆண்டுகள் வளர்த்துப் பார்த்த பிறகே சான்று தருகிறார்கள். நம் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற அப்படியொரு சோதனையை வேளாண் பல்கலைக்கழகங்களும் ரோஜா சங்கங்களும் நடத்த வேண்டும். அதுவரை, மருந்தில்லாமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய செடியையே நல்ல ரகமென்று பிறருக்குச் சொல்வோம்.