நிலத்தைத் தொடும் இடம்: ஹொங்கொங்கின் இரு வங்கிக் கட்டடங்கள்

வானளாவிய கட்டடங்களைப் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் அவற்றின் உச்சியையே நோக்குகின்றன. எத்தனை மாடி, எத்தனை மீற்றர், எந்த ஆண்டில் எதனை விஞ்சியது என்பனவே அவற்றிற் பேசப்படுகின்றன. கட்டடத்தை அன்றாடம் கடந்து செல்வோர் காண்பதோ அது நிலத்தைத் தொடும் இடத்தையே. ஹொங்கொங்கின் மத்திய வட்டாரத்தில் ஒன்றுக்கொன்று அண்மையில் நிற்கும் ஹொங்கொங் - சங்காய் வங்கி, சீன வங்கி ஆகியவற்றின் கட்டடங்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்கும்போது வழமையான தீர்ப்புத் தலைகீழாகின்றது.

உச்சியை வைத்து நோக்கினால் போட்டிக்கே இடமில்லை. ஐ. எம். பெய் வடிவமைத்து 1990இல் திறக்கப்பட்ட சீன வங்கிக் கட்டடம் 315 மீற்றர் உயரமுடையது. முனைக்கம்பங்களையும் சேர்த்தால் 367 மீற்றர். ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே ஆயிரம் அடியைக் கடந்த முதற் கட்டடம் அதுவே. நோர்மன் பொஸ்ரரின் ஹொங்கொங் - சங்காய் வங்கி 1985இல் நிறைவுற்றது. அதன் உயரம் ஏறத்தாழ 179 மீற்றர் மட்டுமே.

அமைப்பியல் நோக்கிலும் பெய்யின் ஆக்கமே செம்மையானது. சதுர அடித்தளம் மூலைவிட்டங்களால் நான்கு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் முடிகின்றது; ஒன்று மட்டுமே உச்சிவரை செல்கின்றது. பொறியியலாளர் லெஸ்லி றொபேட்சனின் சாய்சட்டங்கள் பாரத்தை நான்கு மூலைத் தூண்களுக்குக் கடத்துகின்றன. நடுத்தூண் 25ஆம் மாடிக்கு மேலே மட்டுமே உள்ளது. கடும் புயல் வீசும் துறைமுகத்தில் இத்துணை உயரத்தை இத்துணைச் சிக்கனமாக நிறுத்தியமை பெரும் சாதனை எனலாம். இதனோடு ஒப்பிடுகையில் பொஸ்ரரின் அமைப்பு ஆடம்பரமானது. எட்டு உருக்குக் கம்பத் தொகுதிகளை எழுப்பி, ஐந்து மட்டங்களிற் பாலச் சட்டகங்களை இணைத்து, அவற்றிலிருந்து மாடிகளைத் தொங்கவிட்டார். தூண்களின் மேல் எளிதாக நிற்கக்கூடிய மாடிகளை எதற்காகத் தொங்கவிட வேண்டும்? செலவு ஐந்நூறு கோடி ஹொங்கொங் டொலரைத் தாண்டியது.

பீரங்கி போன்ற பாரந்தூக்கிகள், கூர்முனைகளின் தீய பார்வை என்றெல்லாம் இவ்விரு கட்டடங்களைப் பற்றி அந்நகரில் வழங்கும் நிலக்குறிக் கதைகள் பல. சுவையானவை எனினும் விமர்சனத்திற்கு அவற்றாற் பயன் சிறிதே.

மேற்கூறிய வினாவுக்கு விடை நிலத்தளத்திலேயே கிடைக்கின்றது. மாடிகள் மேலிருந்து தொங்குவதாலும், மின்தூக்கி முதலிய சேவைகள் கட்டடத்தின் ஓரங்களுக்கு ஒதுக்கப்பட்டமையாலும், கீழே நிலம் விடுபட்டது. குயீன்ஸ் வீதியிலிருந்து டி வோ வீதிக்குச் செல்பவர் வங்கியின் அடியால் நடந்தே கடக்கலாம். தலைக்கு மேலே கண்ணாடி வயிறு. அதனை ஊடுருவி இரண்டு நகரும் படிகள் வங்கிக் கூடத்துக்கு ஏறுகின்றன. கதவு இல்லை, வாசற்படியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கு பிலிப்பைன்ஸ் நாட்டு வீட்டுப் பணிப்பெண்கள் பெருந்தொகையாகக் கூடுவது பல்லாண்டு வழக்கம். அட்டைகளை விரித்து அமர்ந்து உண்பர். ஒருவர் தலையை மற்றவர் வாருவர். ஊருக்கு அனுப்பும் பொதிகளைக் கட்டுவர். வேலைகொள்வோரின் வீட்டிலேயே தங்கவேண்டும் என்ற விதிக்கு உட்பட்ட அவர்களுக்கு, வாரத்தில் ஒருநாள் வெயிலும் மழையும் படாத கூரை அதுவே. இப்பயன் பொஸ்ரரின் வரைபடத்தில் இருந்ததன்று. ஆனால் வரைபடம் அதற்கு இடம்விட்டது.

சீன வங்கியின் அடியோ கருங்கற் பீடம். கோட்டையை நினைவூட்டும் அக்கனத்த சுவரில் வளைந்த வாயில் ஒன்று உண்டு. இருபுறமும் நீரோடும் சிறு தோட்டங்கள் உள்ளன. வீதியின் இரைச்சலை அமிழ்த்துவதற்காக அமைக்கப்பட்ட அவை அழகானவைதாம். எனினும் அவை பார்வைக்குரியவை. கூடி அமர்வதற்கு அங்கு இடமில்லை. பெய்க்குக் கிடைத்த காணி சரிவானது, வீதிகளால் நெருக்கப்பட்டது என்பதை ஏற்கவேண்டும். ஆயினும் காணியின் குறைக்குக் கருங்கற் சுவரே விடையாக இருந்திருக்க வேண்டியதில்லை. தொழிலாளர் அரசு எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் நாட்டின் வங்கி மதிலெழுப்ப, குடியேற்ற ஆட்சிக் காலத்து முதலாளித்துவ வங்கி தன் அடியைத் திறந்துவிட்டமை வரலாற்று முரண். கட்டடத்தின் பண்பை அதன் உரிமையாளரின் கொள்கையிலிருந்து நேரடியாக வருவிக்க முனைவோர் இவ்விடத்திற் சற்றுத் தயங்குதல் நன்று.

எனினும் இத்திறப்பை வள்ளன்மை எனக் கொள்வதற்கில்லை. நிலத்தளத்தைப் பொதுவழிக்கு விட்டதற்கு ஈடாக, மேலே கூடிய தளப்பரப்பைக் கட்ட வங்கிக்கு அனுமதி கிடைத்தது. 2011 ஒக்ரோபரில் நிதிநிறுவனங்களை எதிர்த்தோர் அவ்விடத்திலேயே கூடாரமிட்டுத் தங்கினர். வங்கி நீதிமன்றம் சென்றது. 2012 செப்ரெம்பரில் அவர்கள் அகற்றப்பட்டனர். பணிப்பெண்களின் ஞாயிற்றுக் கூட்டம் அதன் பின்னரும் தொடர்ந்தது. அவர்கள் மாலையில் அட்டைகளை மடித்துக்கொண்டு தாமாகவே எழுந்து செல்பவர்கள்.