‘வீடு’ என்னும் படமும் அதன் முடிவும்

பாலு மகேந்திராவின் படைப்புகளை ஒருசேர நோக்குவார், பாட்டே இல்லாத ‘வீடு’ (1988) தலைசிறந்து நிற்றலைக் காண்பர். வீடு முற்றுப்பெறும் நிலையில், அம்மனை குடிநீர் வாரியம் முன்னரே கையகப்படுத்தியது எனத் தெரியவருகின்றது. தற்செயலாற் புனைந்த முடிவு இது எனச் சிலர் குறை கூறலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. கடன், அனுமதி, சிமெண்டைக் களவாடும் ஒப்பந்தக்காரர் என ஒவ்வொரு படியிலும் சுதா தன் உழைப்பைத் தாளிடமும் முத்திரையிடமும் ஒப்படைக்கின்றாள். இறுதி இடியும் ஒரு தாளே. ஏரிப்பரப்பு மனைகளாகச் சுருங்கிய வேளச்சேரியை அறிந்தார்க்கு இது புதுமையன்று. களவை வெளிப்படுத்துபவள் மங்கம்மா என்னும் சித்தாள். எம் நோக்கில் அவளே படத்தின் மனச்சான்று.

கென் லோச்சின் ‘கேத்தி கம் ஹோம்’ (1966) என்பதும் வீடிழந்த குடும்பத்தின் கதையே. ஆயின் அவர்க்குப் பிபிசி தொலைக்காட்சியின் நாடக வரிசை நாற்றங்காலாயிற்று. ‘கெஸ்’ (1969) அதன்பின் விளைந்தது. பாலு மகேந்திராவோ திரையில் தொடங்கிப் பிற்காலத்தே சன் தொலைக்காட்சியின் ‘கதை நேரம்’ வாயிலாகத் தமிழ்ச் சிறுகதைகளிடம் வந்தார். ‘சந்தியா ராகம்’ (1989) ‘வீடு’ சென்ற நெறியது. ‘சதி லீலாவதி’ (1995) சந்தையின் நெறியது. இதனை அவர்தம் தளர்ச்சி என்பதினும், புரக்கும் நிறுவனம் இன்மையின் விளைவு எனலே பொருந்தும். இறுதிப் படமான ‘தலைமுறைகள்’ (2013) தானும், சசிகுமார் என்னும் இளைய இயக்குநர் தயாரிக்க முன்வந்தமையாலேயே வெளிவந்தது.