நம்ம பாட்டும் அவங்க காதும்

2015 மே 16. மகாராஷ்டிராவில் ஷீரடி. தலித் இளைஞன் ஒருவன், நர்சிங் படித்துக்கொண்டிருந்தவன், கல்யாணத்துக்கு வந்த இடத்தில் உறவுக்காரப் பையன்களோடு பீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய செல்போன் அடிக்கிறது. மணியாக வைத்திருந்தது அம்பேத்கரைப் பாடும் பாட்டு. பக்கத்தில் இருந்த ஆதிக்க சாதிப் பையன்களுக்கு அது பொறுக்கவில்லை. தகராறு, அடி, பிறகு மோட்டார் பைக்கில் தூக்கிக்கொண்டு போய்க் கொன்றே போட்டார்கள். அவன் யாரையும் திட்டவில்லை. மேடை போட்டுப் பேசவில்லை. போன் அடித்தது, பாட்டு வெளியே கேட்டது. செய்த குற்றம் அவ்வளவுதான்.

'பாட்டு கேட்பது அவரவர் ரசனை, சொந்த விஷயம்' என்று நம் இலக்கிய நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வரும். இன்றைக்கு எல்லாரும் தாங்கள் கேட்கிற பாட்டை ஊருக்குச் சொல்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு இன்ன ராகம், காலையில் இன்ன பழைய பாட்டு, மழைக்கு இன்ன பாட்டு என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் இந்த எழுத்துக்களில் எல்லாம் ஒரு காது மட்டும் தனியாக அந்தரத்தில் தொங்கும். அந்தக் காதுக்கு ஊர் கிடையாது, தெரு கிடையாது, சாதி கிடையாது. அப்படி ஒரு காதை நான் அரூர்ப் பக்கம் எங்கேயும் பார்த்ததில்லை.

எங்க காலனியில் எனக்கு விவரம் தெரிஞ்ச காலத்தில் பாட்டு என்றால் ஊரில் கட்டுகிற குழாய் செட்டுதான். மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு குழாயை எங்க பக்கம் திருப்பி வைப்பார்கள். ஊர்ச் சத்தம் எங்க வீட்டு அடுப்பங்கரை வரைக்கும் தாராளமாக வரும், அதற்குத் தீட்டு இல்லை. எங்க வீட்டுப் பெண் பெரியவளான சடங்குக்கு ஒரு நாள் மைக் செட் போட்டோம். பொழுது சாய்வதற்குள் ஆள் வந்துவிட்டது: 'என்னாங்கடா, காலனிச் சத்தம் ஊருக்குள்ள கேக்குது?' எங்க பெரியப்பா எழுந்து போய் ஒயரைப் பிடுங்கிவிட்டார். வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். அது கேட்கிறவன் காதுக்குச் சொன்ன தண்டனை. நம்ம பாட்டு அவங்க காதில் விழுந்தாலும் தண்டனை நமக்குத்தான் என்பதை எந்தச் சூத்திரத்தில் எழுதி வைத்தார்களோ, அதை ஊர் மனப்பாடமாக வைத்திருக்கிறது.

அப்புறம் செல்போன் வந்தது. 2009, 2010 வாக்கில் அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏத்திக் கொடுப்பார்கள். நாங்கள் வரிசையில் நிற்போம். ராஜா பாட்டு, அம்மன் பாட்டு, சாதித் தலைவர்களின் புகழ் பாட்டு என்று கம்ப்யூட்டரில் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு நாள் கடைக்காரர், 'தம்பி, இது செமையா இருக்கும், ஏத்தட்டுமா?' என்று ஒன்றைப் போட்டுக் காட்டினார். பறைமேளம். யாரோ ஒரு சாவில் செல்போனில் பிடித்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'சாவுக் குத்து'. காசு கொடுத்து ஏத்திக்கொண்டு வந்து வீட்டில் போட்டேன். திண்ணையில் சாய்ந்திருந்த சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'டேய், இது நம்ம கையிடா. அந்தத் திருப்பம் நான் அடிக்கிறது.' எந்த ஊர்ச் சாவு, யார் கூட அடித்தார்கள், அன்றைக்கு மழை தூறி மேளத்தை எத்தனை முறை நெருப்பில் காய்ச்சினார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். தாலுகா பூராவும் புளூடூத்தில் சுற்றிக்கொண்டிருந்தது அவருடைய அடி. அடித்தவர் பெயர் அதில் இல்லை. செத்தவர் வீட்டில் அன்றைக்குக் கொடுத்த கூலிக்கு மேல் ஒரு பைசாவும் அவருக்கு வரவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. நம்ம பாட்டை நாம் நம்ம பெயரோடு வெளியே கேட்க விட்டால் அடி விழுகிறது. அதே பாட்டை நம்ம பெயரை உதிர்த்துவிட்டு அவர்கள் எடுத்துப் போனால் 'செமையா' இருக்கிறது. ஷீரடியும் அரூர் மெமரி கார்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள்.

இது ஏதோ பட்டிக்காட்டு விவகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் பாடினார்கள், சொற்கள் அறிவு எழுதியவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து, நிலம் இல்லாதவர்களின் நினைவிலிருந்து அவர் எடுத்த சொற்கள். உலகமே பகிர்ந்தது. குழந்தைகள் ஆடின. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, ஆகஸ்ட் இதழ் அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. அந்த அட்டைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பாட்டுகள் 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' இரண்டும். இரண்டிலும் சொல் அறிவுடையது. அட்டையில் அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, எதிர்ப்பு கிளம்பிய பிறகு, இணையத்துக்கென்று தனியாக ஒரு அட்டையில் அவரைப் போட்டார்கள். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அவர் இல்லாமல் மேடை ஏறியது. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. இருக்கட்டும். தீயும் அறிவுடைய பங்கை மறுக்கவில்லை. அன்றைக்கு மேடையில் பாடிய கிடாக்குழி மாரியம்மாளும் நம் மண்ணின் குரல்தான். இங்கே தனி ஆட்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் வேலை இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாமலேயே ஒரு பெயர் எப்படித் தானாக உதிர்ந்து போகிறது என்பதுதான் கேள்வி. அரூர்க் கடைக்காரரும் கெட்டவர் இல்லை. மேளத்தை ரசித்தவர். அடித்தது யார் என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தத் தோன்றாமைக்குப் பெயர்தான் சாதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1976இல் 'அன்னக்கிளி' வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டு டீக்கடைகளில் இளையராஜா பாடிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பாட்டை ஓட விட்டுக்கொண்டே நமக்குத் தனி கிளாஸ் வைத்த டீக்கடைகள் எத்தனை? நல்ல பாட்டு மனுசனை மாற்றிவிடும் என்கிற ரசிகர்கள் அந்தக் கிளாஸ்களைக் கழுவிப் பார்த்ததில்லை. காது மட்டும் கரைந்து, கை அப்படியே இருந்த வரலாறு நம்முடையது.

எங்க மாவட்டத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2012 நவம்பர் 7 காட்டியது. ஒரு கல்யாணத்தைக் காரணம் சொல்லி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் காலனிகளில் 260க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். தலித் பையன்கள் ஜீன்ஸும் டீசர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டு மயக்குகிறார்கள் என்று மேடையிலேயே பேசிய காலம் அது. பெங்களூர், திருப்பூர் என்று போய் உழைத்த கூலியில் வாங்கியவற்றைக் குறி வைத்து எரித்தார்கள். நாம் உடுத்துவதும் ஓட்டுவதும் கேட்பதும் அவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் குத்தலாக இருக்கிறது. அன்றைக்கு எங்க பக்கத்துப் பையன்கள் பலர் போனில் வைத்திருந்த பாட்டை மாற்றினார்கள். நானும் மாற்றினேன்.

என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பே, எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் பஸ்ஸில் என் போன் அடித்தது. அம்பேத்கர் பாட்டு. பக்கத்தில் கூடப் படிக்கிறவர்கள். யார் கூப்பிட்டது என்றுகூடப் பார்க்காமல் அமுக்கிவிட்டேன். 'என்ன பாட்டுடா அது?' என்றான் ஒருவன். 'தெரியலை, யாரோ ஏத்திக் கொடுத்தது' என்றேன். அதே வாரம் பரீட்சையில் தொல்காப்பியத்தின் கருப்பொருள் பற்றி எழுதினேன். தெய்வம், உணவு, மரம், பறவை என்று வரிசையாகச் சொல்லும்போது ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு என்று நன்றாகவே எழுதினேன், மார்க்கும் வந்தது. விடைத்தாளில் பறை பெருமை. பஸ்ஸில் அவமானம். இந்தப் பிளவை எந்தத் தமிழ்த்துறையும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானேதான் மெதுவாகப் புரிந்துகொண்டேன்.

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. இன்குலாபின் 'மனுசங்கடா'வைக் கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடியபோது அது வெறும் பாட்டாக இல்லை. இன்ன சாதியான் பாடுகிறேன் என்று மறைக்காமல் நின்று பாடியது அது. சாவுக்கு அடிப்பதை விட்டுவிடுவதா, பறையைக் கலையாக மேடைக்குக் கொண்டுவருவதா என்று நாம் நமக்குள் பெரிய சண்டையே போட்டோம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழரை அந்தப் பெயரில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் குழுவின் கானா இசைவாணியை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. சபாக்களுக்கு மட்டும் சொந்தம் என்றிருந்த மார்கழியில், அதே 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. பஞ்சாபில் ஜாட் பெருமைப் பாட்டுக்கள் நடுவே கின்னி மாஹி தன் சாதிப் பெயரையே பாட்டாக்கித் தலை நிமிர்ந்து பாடினார். இவை எல்லாம் 'நாங்கள் கேட்பது இதுதான், நீங்களும் கேளுங்கள்' என்று ஊர்க் காதைத் திருப்பிய வேலைகள்.

ஆனால் நம்மிடமும் ஒரு கோளாறு இருக்கிறது. சென்னை மேடையில் ஏறியதைத்தான் நாம் பெருமையாகப் பகிர்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பாடும் ஒப்பாரியை யார் பகிர்ந்தோம்? ஊர்ச் சாவுகளில் கூலிக்கு அழுது பாடிய நம் பெண்கள், பாட்டைக் கட்டும் அந்த நிமிடத்தில் செத்தவனின் கதையோடு தங்கள் பட்டினியையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அது இலக்கியம் இல்லையா? நாமே அதைச் சத்தம் என்று நினைக்கிறோம். கடைக்காரருக்கு மேளம் அடித்தவன் பெயர் தோன்றாதது போல, நமக்கு ஒப்பாரி பாடியவள் பெயர் தோன்றவில்லை. சாதியைக் கேள்வி கேட்கிற நம் காதிலும் ஆண் காது ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

அதனால் மாணவத் தோழர்களிடம், எழுதுகிற நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான். பாட்டைப் பகிருங்கள். பகிரும்போது அடித்தவர் பெயர், பாடியவர் பெயர், ஊர், எந்தச் சாவு, எந்தச் சடங்கு என்பதையும் சேர்த்துப் பகிருங்கள். அவர்களைக் கேட்டுவிட்டுப் பகிருங்கள். காசு வந்தால் அவர்களுக்குப் போய்ச் சேரட்டும். பெயர் இல்லாமல் வருகிற மேளத்தைக் கேட்டால், அடிச்சது யாருங்க என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள். கேட்டுக் கேட்டுத்தான் அந்தத் தோன்றாமை உடையும்.

போன வருசம் காலனி மரத்தடியில் சித்தப்பாவை உட்கார வைத்து அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, சிண்டுக்குச்சி பிடிக்கிற கை நடுங்குகிறது, ஆனாலும் அந்தத் திருப்பம் அப்படியே வருது. முடித்ததும், 'உன் பேரு, ஊர்ப் பேரு, நம்ம காலனிப் பேரு எல்லாம் போட்டு அனுப்பப் போறோம் சித்தப்பா' என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் மேளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'பேரு போட்டா யாராச்சும் அடிக்க வருவாங்களாடா?'

என்னிடம் பதில் இல்லை. ஷீரடிப் பையனை அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. சுற்றி நின்ற பொடியன்கள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் அவரே சொன்னார்: 'சரி, போடு. மொத்தமாப் போடு. கூட அடிச்சவங்க பேரையும் எழுது, அப்புறம் அவனுங்க கோவிச்சுக்குவானுங்க.'

ஐந்து பேர் பெயரை எழுதி அனுப்பினோம்.